அவர் பாதியில் தேடிய பிழை

அந்த மூன்று வாரத்தில் நான் என் கணவரைத் திட்டாத நாள் கிடையாது. வாய்விட்டுத் திட்டாத நாளில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் "பாக்குறேன்" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அவருக்கு வரவே வராது. பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் ஒரே வேலையைச் செய்துகொண்டு நாங்கள் இன்னும் சேர்ந்திருப்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். கீழே படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவார்கள். மேலே நாங்கள் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கு நிரல் எழுதுவோம். இந்த வீட்டைப் பிடித்ததற்கு ஒரே காரணம் ஐஸ் கம்பெனியின் ஜெனரேட்டர். கரண்ட் போனாலும் எங்களுக்குப் போகாது. வாடகைக்குக் கேட்டுப் போனபோது, சூப்பர் கம்ப்யூட்டர் வேலை என்று இவர் சொன்னதும் கம்பெனி முதலாளி மேலே அண்ணாந்து பார்த்து, "அம்புட்டு வெயிட்ட மேல் தளம் தாங்குமாங்க?" என்று கேட்டார். அது வெகு தூரத்தில் வேறொரு மாநிலத்து நகரத்தில் இருக்கிறது, எங்களிடம் இருப்பது இரண்டு லேப்டாப் மட்டும் என்று சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் அலை எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட வேண்டுமானால் கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு செயலி, அதாவது ஒரு பிராசஸர், என்று ஆயிரக்கணக்கான செயலிகளிடம் கொடுப்பார்கள். ஒவ்வொரு செயலியும் தன் கட்டத்தின் கணக்கை முடித்து, 'என் ஓரத்தில் தண்ணீர் இவ்வளவு ஏறியிருக்கிறது' என்று பக்கத்துக் கட்டத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும். அந்தச் செய்திப் போக்குவரத்தைக் கவனிக்கிற நிரல்களின் தொகுப்புதான் எங்கள் லைப்ரரி. நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது. செய்தியை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது அவர் பாதி. எதை, யாருக்கு, எப்போது அனுப்புவது என்று முடிவு செய்து, வந்து சேர்ந்த எண்களைக் கூட்டிக் கொடுப்பது என் பாதி. ஒருவர் பாதியில் இன்னொருவர் கேட்காமல் கைவைக்கக் கூடாது. இது ஆரம்பத்திலேயே நான் போட்ட சட்டம். ஒரு வரியை மாற்றினாலும் மாற்றியவர் பெயர், தேதி, நேரம், காரணம் எல்லாம் பதிவாகிவிடும். அதனால் சண்டை போடுவதற்கு எங்களுக்கு எப்போதும் ஆதாரம் இருக்கும்.

சூப்பர் கம்ப்யூட்டர்கள் எட்டு, பத்து வருடத்துக்கு மேல் இருப்பதில்லை. பழையதை நிறுத்திவிட்டுப் புதியது வாங்குவார்கள். புதியதில் செயலிகளை இணைக்கிற வலை வேறு மாதிரி இருக்கும், அது புரிந்துகொள்கிற கட்டளைகளும் வேறாக இருக்கும். ஒன்றுக்காக எழுதிய லைப்ரரியை இன்னொன்றில் ஓடவைப்பது, பழைய வீட்டு பீரோவைப் புதுவீட்டு மாடிப்படியில் ஏற்றுகிற மாதிரி வேலை. எங்கே இடிக்கும் என்று ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துகிற கடல் கணிப்பு மையத்தில் அந்த வருடம் புது இயந்திரம் வந்து இறங்கியது. பழையதை மாதக் கடைசியில் நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். புது இயந்திரத்தோடு, அதைச் செய்தவர்களே எழுதிய செய்தி அனுப்பும் பகுதி ஒன்றும் வந்திருந்தது. அங்கே எங்களோடு பேசுகிற பொறியாளர் தங்கமான மனிதர்தான். ஆனாலும் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். பழைய இயந்திரம் நிற்பதற்குள் நம்முடையது பிசகாமல் ஓடவில்லையென்றால், அனுப்பும் பாதியை எடுத்துவிட்டு இயந்திரத்தோடு வந்ததைப் பொருத்திக்கொள்வோம் என்றார். என் பாதி அப்படியே இருக்கும். அவர் பாதி, பன்னிரண்டு வருட உழைப்பு, குப்பைக்குப் போகும். இவர் அதைக் கேட்டுக்கொண்டு "சரிங்க" என்று மட்டும் சொன்னார். இவர் பெரிதாக ஆசைப்பட்டுச் செய்த காரியம் இந்த வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

புது வலைக்காக அவர் தன் பாதியைத் திருத்தி எழுதினார். என் பாதியில் எதையும் மாற்றத் தேவையில்லை. ஓட்டிப் பார்த்தோம். பத்துத் தடவை ஓட்டினால் ஏழு தடவை ஒழுங்காக ஓடும். மூன்று தடவை, பாதி வழியில் ஏதோ ஒரு கட்டத்தில் கோபுர உயரத்துக்கு அலை எழும்பி, கணக்கே தாறுமாறாகி நின்றுவிடும். எங்கே தவறுகிறது என்று பார்க்க லாக்கைப் போட்டோம். லாக் என்பது ஒவ்வொரு செயலியும் 'இதை முடித்தேன், அடுத்ததைத் தொடங்குகிறேன்' என்று போகிற போக்கில் எழுதி வைக்கிற குறிப்பு. லாக்கைப் போட்டால் பத்துக்குப் பத்தும் ஓடியது. அணைத்தால் மறுபடி விழுந்தது. பார்க்கும்போது ஒழுங்காக இருக்கும், பார்க்காதபோது சேட்டை செய்யும். பழைய இயந்திரத்தில் லாக் எப்போதும் போட்டபடியே இருந்ததால் அங்கே இந்தப் பிரச்சினை வந்ததே இல்லை. வேகத்துக்காகப் புதியதில் அணைத்து வைத்திருந்தார்கள்.

செய்தி தப்பாகப் போய்ச் சேர்ந்தால் யாரைக் கேட்பார்கள்? கொண்டுபோனவரைத்தான். பொறியாளரும் அதையே நினைத்தார், நானும் அதையே நினைத்தேன். அன்றைக்குப் போனில் பொறியாளர் அதைப் பக்குவமாகச் சொன்னதற்கு இவர், இருக்கலாம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார். போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கங்க. இல்லன்னா இல்லன்னு அடிச்சுச் சொல்லுங்க. இங்கிட்டும் இல்லாம அங்கிட்டும் இல்லாம இருக்கலாம்னா என்னங்க அர்த்தம்?"

"பாக்குறேன்."

"நாலு நாளா அதத்தான் சொல்றீங்க."

"இன்னும் ரெண்டு நாள் பாக்குறேன். ஒனக்கு டீ போடவா?"

இப்படி ஒரு மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது?

இரண்டாவது வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் அடுத்த வேலை நடக்கும் என்று தன் பாதி முழுக்கக் காத்திருப்புகளைப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் கணக்கு தப்பவில்லை. ஆனால் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது, மையத்தின் வேகச் சோதனையில் தேறவில்லை. "இது செய்தி அனுப்புறதா, சாமி ஊர்வலமா?" என்று கேட்டேன். இத்தனை வருடமும் ஒரு நொடியின் துணுக்கைக்கூட வீணாக்க மாட்டேன் என்று வேலை செய்த மனிதர், எதற்காக வழியெல்லாம் தடுப்பு வைத்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. இன்னொன்றையும் யோசிக்காமல் விட்டேன். "எதுக்கும் எம் பாதியையும் ஒரு தடவ பாத்துரவா?" என்று நான் கேட்டபோது, அவர் அவசர அவசரமாக, "அதுல ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன்" என்றார். கேட்காமல் ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டியவள், என் பாதி சுத்தம் என்ற சந்தோஷத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் எங்கள் துறைமுகத்திலிருந்து போன இரண்டு படகுகளை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் மச்சான் ஒரு படகில் இருந்தார். இவர் காலையிலேயே முதலாளிக்குத் துணையாகத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கிற தரை அன்றைக்கு அசையாமல் கிடந்தது, வீடு நம்முடையது மாதிரியே இல்லை. மனசு சரியில்லாமல் லேப்டாப்பைத் திறந்தேன்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தால், கேள்வி சின்னதுதான். லாக் போட்டால் ஓடுகிறது, அணைத்தால் விழுகிறது என்றால், லாக்கில் உள்ள ஏதோ ஒரு வரிதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அனுப்பும் பாதியில் அவர் போட்ட காத்திருப்புகளை என் பிரதியில் எடுத்துவிட்டு, லாக் வரிகளில் பாதியை நீக்கி, புது இயந்திரத்தில் சின்ன அளவில் ஓட்டினேன். ஓடியது. மீதியில் பாதியை நீக்கினேன். விழுந்தது. இப்படியே பாதி பாதியாகக் கழித்துக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் ஒரே ஒரு வரியில் வந்து நின்றேன். அந்த வரி இருந்தால் ஓடும், எடுத்தால் விழும். அந்த வரி செய்கிற ஒரே வேலை, லாக்கில் 'சாப்டாச்சு' என்று எழுதுவது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாதிரி எழுதுவது என் பழக்கம். நிரல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க மற்றவர்கள் எண் போடுவார்கள், நான் 'குளிச்சாச்சு', 'கெளம்பியாச்சு' என்று போடுவேன். வரி இருந்ததும் என் பாதியில்தான். மேலேயும் கீழேயும் படித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. பிழை அங்கேயே இருந்தது. ஒரு செய்தியை அனுப்பச் சொல்லிவிட்டு, அது போய்விட்டதா என்று பார்க்காமல், அதே இடத்தில் அடுத்த எண்களைக் கொட்டியிருக்கிறது. லாரி எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னாலேயே அதே பெட்டியில் வேறு மீனை மாற்றிப் போட்ட மாதிரி. நடுவில் 'சாப்டாச்சு' என்று எழுத ஆகிற நேரத்துக்குள் செய்தி புறப்பட்டுப் போய்விடும். அந்த வரி இல்லையென்றால் பழைய எண்ணும் புது எண்ணும் கலந்து போகும். பிழையைத் தேட ஒரு வரி போடுவார்கள், போட்டதும் பிழை காணாமல் போகும், சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள்.

யார், எப்போது என்று பதிவைக் கேட்டேன். என் பெயர் வந்தது. தேதியும் வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

அது நான் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம். ஆறாவது மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வாரத்தில் எனக்கு நினைவிருப்பது தலைக்கு மேலே சுற்றிய ஃபேன் மட்டும்தான். அந்த நிலையிலும் வேலை பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது, பார்த்த வேலையில் இந்தப் பிழையையும் விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். பிழை என்னுடையது, மூன்று வாரமாகத் திட்டு வாங்கியது இவர். வெட்கமாக இருந்தது.

நான் கண்டுபிடித்ததைப் பெரிய அளவில் ஓட்டி உறுதி செய்யலாம் என்று, அங்கே நாங்கள் ஓட்டிய சோதனைகளின் பட்டியலைத் திறந்தேன். அதே சோதனை ஏற்கெனவே அதில் இருந்தது. அதே ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டியிருந்தார், என் கணவர், ஒன்பது நாளுக்கு முன்னால். வெட்கம் போய்ப் பழையபடி கோபம் வந்தது, இரண்டு மடங்காக.

அவர் சாயங்காலம் வந்தார். பிடித்தவர்களை விட்டுவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது, முதலாளி கொஞ்சம் தெம்பாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஒம்போது நாளா இது தெரியுமா ஒங்களுக்கு?"

பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரியும்" என்றார்.

"தப்பு பண்ணது நானு. அது தெரிஞ்சும் நான் திட்டுறத எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒங்க பாதியத் தூக்கி எறிஞ்சாலும் பரவாயில்லன்னு அந்தக் காத்திருப்பெல்லாம் போட்டு என் தப்ப மூடப் பாத்திருக்கீங்க. நான் என்ன சின்னப் புள்ளையா?"

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். பிறகு, "நீ எழுதல" என்றார்.

"எம் பேரு இருக்கே."

"பேரு ஒம் பேருதான். எழுதுனது நான்."

அந்த வாரம் லைப்ரரியின் புதுப் பதிப்பை மையத்துக்கு அனுப்பியாக வேண்டியிருந்ததாம். என் பாதியில் கொஞ்சம் பாக்கி. ஒரு வாரம் தள்ளிக் கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். "வெளியாளுககிட்ட அதச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். நான் மருந்து மயக்கத்தில் தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, என் லேப்டாப்பில், என் பெயரில், பாக்கியை எழுதி முடித்திருக்கிறார். அவர் பாதியில் இந்த மாதிரி இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். என் பாதியின் போக்கு பழக்கமில்லை. எண் தப்பாக வந்திருக்கிறது. தேடுவதற்கு ஒரு வரி போட்டிருக்கிறார், சரியாகிவிட்டது. அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அதை அவரும் மறந்துவிட்டார், ஒன்பது நாளுக்கு முன்னால் அந்த வரியில் போய் நிற்கிற வரைக்கும்.

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அந்தத் தேதியப் பாப்ப. எம் பாதியிலயே எப்படியாச்சும் சமாளிச்சுரலாம்னு பாத்தேன். முடியல."

"அது சரி. அந்த வார்த்தைய எதுக்கு எழுதுனீங்க?"

"நீ அப்படித்தான எழுதுவ. ஒன் எழுத்து மாதிரி இருக்கணும்ல." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "அன்னைக்கித்தான் நீ ரெண்டு இட்லி சாப்ட்ட. மூணு நாளு ஒண்ணுமே தொடல. அன்னைக்கி மத்தியானம் ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுத் தூங்குன."

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எட்டு வருடமாக அந்தப் பழைய இயந்திரத்தில் ஒவ்வொரு தடவையும், ஆயிரக்கணக்கான செயலிகள், நான் சாப்பிட்டதை எழுதி எழுதி வைத்திருக்கின்றன. யாரும் படிக்காத லாக்கில். அவர் என் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். நான் அவரை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. இந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை நான் ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அழுது முடித்ததும் அடுத்த சண்டை ஆரம்பித்தது. மையத்துக்கு எழுத வேண்டும். நான்தான் எழுதினேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். அப்படிச் சொன்னால், அனுப்பும் பாதியில் நம்பிக்கை போய்விடும், வேண்டாம் என்றேன் நான். நேற்று வரைக்கும் பிழை அவருடையது என்று கத்தியவள், என்னுடையது என்று கத்தினேன். "எம் பாதியில இருக்கு, எம் பேர்ல இருக்கு, நான்தான் திருத்துவேன். ஒங்கள யாரு கேக்காம உள்ள வரச் சொன்னது?" என்றேன். அதற்கு மட்டும் அவர் சிரித்தார்.

அவர் போட்ட காத்திருப்புகளை அவரே எடுத்தார். என் பாதியில், செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஒரே ஒரு இடத்தில் பார்க்கிற வரியை நான் சேர்த்தேன். 'சாப்டாச்சு' வரியை நீக்க வேண்டியிருந்தது. அது இல்லாமலும் ஓடுகிறது என்று காட்டினால்தான் திருத்தம் சரி என்று ஆகும். இவர் கொஞ்சம் தயங்கினார், நான் தயங்கவில்லை. வரி போனாலும் பதிவு போகாது. மையத்துக்கு, பிழை என் பாதியில், என் பெயரில் உள்ள வரியில் இருந்தது என்றும், அனுப்பும் பாதியில் எந்தக் குறையும் இல்லை என்றும், அதை மூன்று வாரம் சந்தேகப்பட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்றும் எழுதி அனுப்பினேன்.

நான்கு நாள் ஓட்டினார்கள். லாக்கை அணைத்துவிட்டு, நூறு தடவை. நூறும் ஓடியது, பழைய இயந்திரத்தைவிட வேகமாக. அனுப்பும் பாதி அப்படியே இருக்கட்டும், இயந்திரத்தோடு வந்ததைப் பொருத்தப் போவதில்லை என்று பொறியாளர் எழுதியிருந்தார். அன்றைக்குக் காலையில்தான் பிடித்துக்கொண்டுபோன ஆட்களும் ஊர் திரும்பியிருந்தார்கள், கீழே மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. இவர் அந்த மெயிலை இரண்டு தடவை படித்தார். "நல்லது" என்றார். டீ போட எழுந்து போனார்.

நான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தோன்றியதால் கேட்டேன்.

"அன்னைக்கி நீங்க சாப்ட்டீங்களா?"

எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வார். அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு யோசித்தார். பால் ஓரமாக ஏடு கட்டுகிற வரைக்கும் யோசித்தார்.

"தெரியலம்மா. ஞாபகம் இல்ல" என்றார்.

அந்த வாரம் ஆவூரிலிருந்து என் வீட்டார் வந்தார்கள், அறந்தாங்கியிலிருந்து அவர் வீட்டார் வந்தார்கள், நர்சுகள் வந்து போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டார்கள். அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டது யார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வரவில்லை. எட்டு வருடத்தில் நானும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.